ஜெபசிங்கின் பேஸ் கித்தார் தட்டில் ஏறிய விதம்

இல்ல சார், கிராமபோன் ஊசிதான் தேஞ்சு போச்சு. வேற ஒண்ணுமில்ல. எந்திரிக்காதிய சார்… உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க. ரெண்டு தடவ கேட்டுட்டு, 'தம்பி, இந்தத் தட்டுல நீ இல்ல'ன்னு சொல்லிட்டா ஆச்சா? நான் இருக்கேன் சார்! இதுக்குள்ளதான் இருக்கேன். இந்தா, இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல எங்கனயோ இருக்கேன். ஊசி என்னைய எடுக்க மாட்டேங்கு. அதுக்கு நான் என்ன செய்ய?

யுத்தம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, இன்னும் ஒழுங்கா ஒரு ஊசி டப்பா வருதா இந்த ஊருக்கு? சுதந்திரமே வந்துட்டு, ஊசி வரல! யுத்தத்துல உடைமரத்து முள்ளைச் சீவி மாட்டிப் பாட்டுக் கேட்ட ஊரு சார் இது. முள்ளும் நல்லாத்தான் பாடும், பொய் சொல்லப்படாது. பொம்பளைக் குரலுன்னா முள்ளுல தேன் மாதிரி வரும். ஆனா பேஸுக்கு முள்ளு ஆகாது. பேஸு அடிச்சத்தம், கனம். கனத்தைத் தூக்க இரும்பு வேணும். இந்தா, புது ஊசி மாட்டுதேன். புதுசுன்னா… இதுவும் பழசுதான். கல்லுல தேச்சுப் புதுசாக்கினது.

சாவி குடுத்தாச்சு. காதைக் குழாய்கிட்ட கொண்டு வாங்க… இன்னும் கொஞ்சம்… கண்ணாடியக் கழத்திருங்க சார், இடிக்கி. ஆங். இப்பம் கேளுங்க. 'சங்கெடுக்கப் போறவரே, சங்கதி கேளும்…' இது நம்ம ஸ்ரீவைகுண்டம் வன்னியபெருமாள், நாடகத்துல ராஜா வேசம் கட்டுதவன். அந்தா 'கேளும்ம்ம்'னு இழுக்கானா… இழுத்துட்டு மூச்சு வாங்குதான் பாத்தியளா… அந்த மூச்சுக்கு அடியில 'தும்…' கேட்டியளா? கேக்கலையா? அந்த மூச்சு கேட்டுச்சுல்லா? அதுக்கு அடியில சார்! என்னது… அது ஆர்மோனியத்துக்காரன் செருமினதா? செருமலு கேக்கி, நான் கேக்கலையா!

பாத்தியளா, இதுதான் என் தலையெழுத்து. செருமினவன் தட்டுல ஏறிட்டான். மூச்சு வாங்கினவன் ஏறிட்டான். விரல் தோலு உரிய உரிய வாசிச்சவன் வெளிய நிக்கான்.

தப்பா எடுத்துக்கிடாதிய சார், நான் உங்களைக் குறை சொல்லல. கொயருக்குப் பாட்டு வாத்தியாரு நீங்க, உங்க காதைப் பத்தி நாசரேத்தே சொல்லுமே. தேவபிரசாதம் சார் கோயிலுக்குள்ள காலு வச்சா, ஆர்மோனியம் தானா சுருதி சேந்துக்கிடும்னு பேரு. அதனாலதானே உங்க அண்ணன் ஞானையா சார் உங்களை அனுப்பிவிட்டாக. அவுக வந்திருக்கலாம். ஆனா மைக் செட்டுக் கடைப் படியில கால் வச்சாக் கௌரவம் குறைஞ்சிரும் பாருங்க! சரி, வேண்டாம், அதை விடுங்க, அவுக பெரியவுக.

அவுக சொன்னது உங்களுக்குத் தெரியுமா? ஜெபக் கூட்டக் கன்வென்சன் பந்தல்ல, பாளையங்கோட்டையிலருந்து வந்த பாதிரியாருக்கு முன்னால வச்சிச் சொன்னாக. 'மைக் செட்டுக்காரனுக்கா என் மகளைக் குடுக்கது? கல்யாண வீட்டுலயும் ஸ்பீக்கர் குழாய் கட்டுதான், இழவு வீட்டுலயும் குழாய் கட்டுதான், ஓட்டுக் கேக்கவனுக்கும் கட்டுதான். ஊராஞ் சத்தத்தையெல்லாம் பெருசாக்குதான், இவனுக்குன்னு ஒரு சத்தம் உண்டுமா?' எப்பிடிக் கேள்வி பாருங்க. சுருக்குன்னு தச்சுட்டு சார். 'இருக்கு சார், எனக்குன்னு ஒரு சத்தம் இருக்கு'ன்னேன். 'என்ன சத்தம்?'னாக. 'பேஸு'ன்னேன்.

அப்பத்தான் அவுக முகம் மாறிச்சு. அவுகளும் கோயில் கொயர்ல பேஸ் பாடுதவுகல்லா. ஒரே இனம்னு அணைச்சுக்கிடுவாகன்னு பாத்தா, என்ன சொன்னாக தெரியுமா? 'முப்பது வருசமா நான் பேஸ் பாடுதேன், ஒரு பயலுக்கும் கேட்டது கிடையாது. கேக்காத பேஸ் எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு வேண்டாம். உன் சத்தம் தட்டுல ஏறட்டும். என் தம்பி காதுக்கு அது கேக்கட்டும். பொறவு ஞானசௌந்தரியப் பத்திப் பேசலாம்.' இதுதான் வார்த்தை. இப்பம் புரியுதா சார், நான் ஏன் உங்க சட்டையப் புடிச்சு உக்கார வைக்கேன்னு? நீங்க அடுத்த பஸ்ஸைப் புடிச்சு நாசரேத்துக்குப் போயி 'கேக்கல அண்ணாச்சி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, என் கதை முடிஞ்சுது. ஆத்தூர்ல எவனோ தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கு ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கானாம். அவனுக்கு என்ன சத்தம் இருக்கு? பேனா கீச்சுத சத்தம்!

அந்தப் பிள்ளை எப்பிடிப் பழக்கம்னா… சார், பழக்கமெல்லாம் கிடையாது, அப்பிடிப் பாக்காதிய. அதே கன்வென்சன்ல அவ பொம்பளைப் பிள்ளைகளோட ஆல்ட்டோ வரிசையில நின்னா. நான் மைக்கை நடுவுல வைக்கணும். வச்சேன். கொஞ்சம் தள்ளி வச்சேன். இன்னுங் கொஞ்சம் தள்ளி… கடைசியில பாத்தா கொயர் மொத்தமும் பாடுது, தெருவுல அவ குரல் மட்டும் கேக்கு. உங்க அண்ணன் பந்தலை விட்டு வெளிய போயி நின்னு பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்தாக. அவுகளுக்கும் நல்ல காதுதான் சார். குடும்பக் காது.

சரி, வாத்தியத்தப் பாருங்க. அந்தா சுவத்துல சாஞ்சு நிக்கில்லா, அதான். உலக்கையா? சார், நீங்களுமா! ஊரே உலக்கைங்கு. யுத்தத்துல கொழும்புல மிலிட்டரி கேம்ப்புல நான் மைக் செட்டு பாத்தேன்லா, அங்கன வெள்ளக்கார சோல்ஜர் ஒருத்தன் ஆளு உயரத்துக்கு ஒரு பிடில் வச்சிருந்தான். நின்னுக்கிட்டுத்தான் வாசிக்கணும். டபுள் பேஸுன்னு பேரு. அவன் ஒரு தட்டுத் தட்டினா என் வயித்துக்குள்ள இருக்க சோறு ஆடும். அன்னைக்கே புத்தி அங்கன போயிட்டு. ஆனா அதைத் தோணியில ஏத்தி யாரு கொண்டாருவா? பிரேதப் பெட்டின்னு சொல்லிக் கஸ்டம்ஸ்ல தொறக்கச் சொல்லுவான்.

அதனால நானே செஞ்சேன். தோணி செய்யுதவங்க கழிச்சுப் போட்ட தேக்குப் பலகை. கித்தார் மாதிரி மடியில வச்சுக்கிடலாம். கம்பி எதுன்னா, நம்ம மிசன் பங்களாவுல கறையான் தின்ன பியானோ ஒண்ணு கிடந்துச்சு, துரை ஊருக்குப் போகையில 'எடுத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுல இடது பக்கத்துக் கடைசிக் கம்பி நாலு. புடிச்சு இழுத்தா விரலு போயிரும், அம்புட்டு முரட்டுக் கம்பி. ஆனா சார், பலகையில என்னத்தச் சத்தம் வரும்? வயிறு இல்லாத வாத்தியம். கொசு செருமின மாதிரி ஒரு சத்தம். அப்பத்தான் எனக்கு யோசனை. டெலிபோன் ரிசீவருக்குள்ள ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும்லா, அதை எடுத்துக் கம்பிக்கு அடியில வச்சு, வயரை நம்ம மைக் செட்டு ஆம்ப்ளிபயர்ல குடுத்து, குழாயில விட்டேன் பாருங்க… எதுத்த வீட்டுப் பரண்லருந்து பானை விழுந்துட்டு! கரண்டு பேஸ் கித்தார் சார்! சீமையில இருக்கோ என்னமோ, இந்தச் சில்லாவுல இது ஒண்ணுதான்.

எங்க விட்டேன்… ஆங், ரிக்கார்டிங்கு. மெட்ராஸ்லருந்து தட்டுக் கம்பெனிக்காரன் வாரான், தென்பக்கத்து நாடகப் பாட்டெல்லாம் எடுக்கப் போறான்னு வன்னியபெருமாள் வந்து சொன்னான். 'எண்ணே, பாட்டுக்கு அடியில உன் உலக்கையப் போடு, புதுசா இருக்கும்'னான். நல்ல மனுசன்தான், ஆனா வெத்தலை போட்டாத்தான் பாட்டு வரும், வெத்தலை போட்டா வார்த்தை வராது. எடம் எதுன்னு பாத்தா, பஞ்சு யாவாரி வீரபாகு அண்ணாச்சியோட கிட்டங்கி, அதான் குடோனு. ஏன்னா சத்தம் வெளியலருந்து உள்ள வரப்படாது, உள்ள இருக்க சத்தமும் சுவத்துல முட்டித் திரும்பப்படாது. பஞ்சு மூடையை நாலு பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கிட்டான் இஞ்சினியர். உள்ள போனா சார், காது அடைச்ச மாதிரி இருக்கும். நான் பேசினது எனக்கே கேக்கல. அப்பிடி ஒரு எடத்துல நான் எப்பிடி இருப்பேன், யோசிச்சுப் பாருங்க.

எடுக்கிற விதம் தெரியுமா? நடுவுல ஒரு மைக்கு. ஒரே மைக்கு. எல்லாரும் அதுக்குத்தான் பாடணும், அதுக்குத்தான் வாசிக்கணும். பக்கத்து அறையில மெழுகுத் தட்டு சுத்தும். அதுல ஒரு ஊசி கோடு கிழிச்சுக்கிட்டே போகும். நம்ம பாட்டுதான் அந்தக் கோடு. நடுவுல ஒருத்தன் தப்புப் பண்ணினா அழிச்சு எழுத முடியாது, மெழுகு போச்சு, முதல்லருந்து பாடணும். எவன் சத்தம் கூடுதலோ அவனைத் தள்ளி உக்கார வைப்பான். எவனுக்குச் சத்தம் கம்மியோ அவனைக் கிட்ட கொண்டாருவான். அம்புட்டுதான் அந்தப் பெரிய வித்தை. அதுக்கு அவன் போட்ட ஆட்டம் இருக்கே! சூட்டும் டையும்! தூத்துக்குடி வெக்கையில டை!

முத மெழுகு தும்மல்ல போச்சு. பஞ்சு சார், பஞ்சுத் தூசி. வன்னியபெருமாள் 'சங்கெடுக்க'ங்கான், ஆர்மோனியத்துக்காரன் 'அச்'சுங்கான். ரெண்டாவது மெழுகு என்னால போச்சாம். நான் ஒரே ஒரு கம்பியத் தட்டுனேன், அறைக்குள்ளருந்து இஞ்சினியர் அலறிக்கிட்டு வாரான். என்னன்னு போயிப் பாத்தா, பூதக்கண்ணாடி வச்சுக் காட்டுதான்: மெழுகுல கோடு வரிசையா போகுது, போகுது, நான் தட்டின எடத்துல அப்பிடியே துள்ளிப் பக்கத்துக் கோட்டுக்குள்ள விழுந்து கிடக்கு. கள்ளுக் குடிச்சவன் பக்கத்து வீட்டுக்குள்ள போன மாதிரி. எனக்கு உள்ளுக்குள்ள எம்புட்டுப் பெருமை தெரியுமா? ஊசியையே தள்ளிவிட்ட சத்தம் சார்!

அவனுக்குப் பெருமை இல்ல. 'குழாயைத் தள்ளி வை'ன்னான். வச்சேன். கோடு துள்ளிச்சு. 'மூடைக்குப் பின்னால வை'ன்னான். வச்சேன். துள்ளிச்சு. 'வாசப்படியில வை.' துள்ளிச்சு. கதவைச் சாத்தினான், கதவு ஆடுது. மெழுகு ஒவ்வொண்ணாப் போகுது, வன்னியபெருமாள் தொண்டை போகுது, நான் மட்டும் புதுசா இருக்கேன். கடைசியில இஞ்சினியர் டையை அவுத்துட்டான். 'உன் குழாயை வெளிய கொண்டு போ'ன்னான். கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்கலாம். சரின்னு வயரை நீட்டி, நானே குழாயை வெளிய கொண்டுபோயிக் கட்டிட்டு, உள்ள வந்து கித்தாரோட என் எடத்துல உக்காந்தேன்.

செவப்பு லைட்டு எரிஞ்சுது. வாசிச்சேன் பாருங்க… சார், அப்பிடி ஒரு வாசிப்பு நான் இனிமே வாசிக்க மாட்டேன். வன்னியபெருமாள் ஏற ஏற, நான் அடியில எறங்குதேன். அவன் அலை மேல போறான், நான் முத்துக் குளிக்கவன் மாதிரி அடித்தரையில நடக்கேன். விரல்ல ரத்தம். மனசு பூரா உங்க அண்ணன்தான். 'கேளுங்க சார், கேளுங்க சார்'னு ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிக்கிட்டே வாசிச்சேன். முடிஞ்சுது. லைட்டு அணைஞ்சுது. இஞ்சினியர் ஓடியாந்து என் கையப் புடிச்சிக் குலுக்கி, 'இப்பத்தான்யா சரி! இதுதான் பெர்பெக்ட்! இப்பிடியே இரு!'ன்னான். மத்த பாட்டெல்லாம் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்பிடியேதான் எடுத்தோம். ஒரு கோடு துள்ளல. ஒரு மெழுகு போகல.

அதானே சார் நான் கேக்கேன்! பெர்பெக்டுன்னு சொன்னவன், தட்டு அச்சாகி வரும்போது என்னைய எங்க தொலைச்சான்? கல்கத்தாவுல அச்சடிக்கவன் ஏமாத்திட்டானா? அரக்குல மண்ணக் கலந்துட்டானா? கப்பல்ல வரும்போது உப்புக்காத்து பட்டு நான் மட்டும் கரைஞ்சு போயிட்டேனா? இதுக்குன்னு மெட்ராஸ்காரனுக்கு ஆள் மேல ஆள் சொல்லி விட்டேன். 'பேஸா? எந்த பேஸு?'ங்கானாம்! எந்த பேஸா! அன்னைக்கு இந்த ஊரே கேட்டுச்சு சார்!

சத்தியமாச் சொல்லுதேன். நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. ரிக்கார்டிங் முடிஞ்சு வெளிய வாரேன், வாசல்ல ஒரு கூட்டம். கடற்கரையில மீன் ஏலம் தாறுமாறாப் போச்சாம். ஏலம் கூறுதவன் ஒரு வெலை சொல்லுததுக்குள்ள 'தும்'னுச்சாம், எவனோ கேட்டுட்டான்னு நெனச்சு அவன் அடுத்த வெலைக்குப் போயிட்டானாம். போர்ட் ஆபீஸ்லருந்து ஒரு பியூன் ஓடியாறான், புயல் கொடி ஏத்தணுமான்னு துரை கேட்டு விட்டாராம். இசக்கியம்மான்னு ஒரு கெழவி, கோழிக்கு அடை வச்ச முட்டையெல்லாம் கூழாப் போச்சுன்னு வாசல்லயே உக்காந்துட்டா. ஊரெல்லாம் கேட்ட சத்தம், உங்க அண்ணனுக்கு மட்டும் தட்டுல கேக்கணும்னா நான் எங்க போவேன்? நீங்க போயிச் சொல்லுங்க, 'அண்ணாச்சி, தட்டுல கேக்கல, ஊரு கேட்டிருக்கு'ன்னு. அது பெரிய சாட்சி இல்லையா? என்ன சார், தலைய ஆட்டுதிய?

என்னது… கிட்டங்கியச் சுத்திப் பஞ்சு மூடைன்னு சொன்னியே, பொறவு ஊருக்கு எப்பிடிக் கேட்டுச்சுன்னா? நல்லாக் கேட்டிய போங்க. குழாய் வெளியல்லா இருக்கு! கூரை மேல. நானே ஏணி வச்சு ஏறி, முகட்டுல கம்பு நட்டு, தாம்புக் கயித்தால இறுக்கிக் கட்டுனேன். கன்வென்சனுக்குக் கூட அம்புட்டு உயரத்துல கட்டினது இல்ல. வாய் எந்தப் பக்கமா? இது என்ன கேள்வி… ஊரைப் பாத்துத்தான். பொறவு மைக்கைப் பாத்தா வைப்பாக? ஐயையோ! அதை மட்டும் செய்யவே படாது சார். எங்க தொழில்ல அதான் முதக் கற்பனை, பத்துக் கட்டளையில மோசே எழுத விட்டுப்போனது. குழாய் வாயை மைக்குக்குக் காட்டுனியோ, மைக்குச் சத்தம் குழாயில வந்து, குழாய்ச் சத்தம் திரும்ப மைக்குல போயி, ஓநாய் மாதிரி ஊளையிடும். காலு ஒடிஞ்சு கெடந்தாலும் எந்த மைக் செட்டுக்காரனும் அதைச் செய்ய மாட்டான். மைக்கு ஒரு தெசை, குழாய் ஒரு தெசை. நாங்க எப்பவும் குழாய்க்குப் பின்னாலதான் இருப்போம், எங்களுக்கு அது கேக்கணும்னே அவசியம் இல்ல. சனங்களுக்குக் கேட்டாப் போதும்.

இன்னும் ஏன் அப்பிடியே பாக்கிய? இஞ்சினியர் மைக்கு வேற, என் ஆம்ப்ளிபயர் வேறதான். ஆமா. ரெண்டுக்கும் வயர் சம்பந்தமே கிடையாது. அதனால ஊளையிடாதுதான். எப்பிடி வச்சாலும் ஊளையிடாதுதான்… 

அப்பம்…

இருங்க சார். பேசாதிய. நீங்க எங்க பேசினிய, நான்தான் பேசுதேன்… இருங்க. குழாய் கூரை மேல. வாய் ஊரைப் பாத்து. மைக்கு உள்ள. நடுவுல… நடுவுல பஞ்சு.

கூரை வரைக்கும் பஞ்சு.

அந்த மெட்ராஸ்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா சார்! படிச்சவன்தானே! காதுல ரெண்டு கிண்ணத்தக் கவுத்திக்கிட்டு உக்காந்திருந்தான்லா, நான் கேக்கலைன்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கையக் குலுக்குனானா? 'இப்பிடியே இரு'ன்னானே! சாயங்காலம் வரைக்கும் நான்… அத்தனை பாட்டுக்கும் நான்… பாட்டு இல்லாம, தனியா, கூரை மேலருந்து ஊருக்கு…

அடிக்கதுன்னா அடிங்க சார். நியாயந்தான். இல்ல, பஸ்ஸுக்குப் போங்க. போயிச் சொல்லுங்க. ஆத்தூர்க் கிளார்க்கு நல்லா இருக்கட்டும். பேனாச் சத்தமாவது காயிதத்துல பதியும்.

எந்த நாளா? அது எதுக்கு இப்பம்… வெள்ளிக்கிழமை சார். லெந்து நாளு, நாப்பது நாள் நோன்பு, தொடங்குததுக்கு முந்தின வெள்ளி. நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்குத்தான் கடைசியா நான் சந்தோசமா இருந்தது. ஏன் சார்? … நீங்களும் அன்னைக்கு இங்கனதான் இருந்தியளா? ஆர்மோனியத்துக்கு ரீடு வாங்க வந்தியளா! அப்பம் கேட்டியளா? கேட்டிருப்பியளே! அது எப்பிடிச் சார் கேக்காம இருக்கும்…

கேக்கலையா. சரி. … என்னது? கேக்கல, ஆனா அடிச்சுதா? எங்க அடிச்சுது? நெஞ்சுலயா?

இருங்க, இருங்க, மெதுவாச் சொல்லுங்க. ரீடுக் கடையில நிக்கிய. நெஞ்சுக்குள்ள 'தும்'ங்கு. திரும்ப 'தும், தும்'ங்கு. நாடியப் புடிச்சா அது ஒரு கணக்குல போகுது, நெஞ்சு ஒரு கணக்குல போகுது. பயந்து நேரா டாக்டர்ட்ட போறிய, போற வழியெல்லாம் அடிக்கி. டாக்டர் நெஞ்சுல குழல வச்சுக் கேக்காரு… அவருக்கும் கேக்கா! அவருக்குக் கேக்காம எப்பிடி சார் இருக்கும், ஆஸ்பத்திரி கிட்டங்கிக்கு அடுத்த தெருல்லா!

ஐயையோ. பொறவு? காப்பி குடிக்கப்படாதுன்னுட்டாரா? கருவாடும் கெடையாதா? மாடிப்படி, சைக்கிள், கொயர்ல பாட்டு, ஒண்ணும் ஆகாதா? அன்னைலருந்து இன்னைக்கு வரைக்குமா! பாட்டு வாத்தியாரு வாயைக் கட்டிக்கிட்டா… என்ன சார் சொல்லுதிய, நீங்க செத்தாப் பாடுததுக்கு அடக்க ஆராதனைப் பாட்டெல்லாம் பொறுக்கி வச்சுட்டியளா? நாலு குரல்லயுமா? பிள்ளைகளுக்குப் பழக்கிக் கூடக் குடுத்தாச்சா! ஞானசௌந்தரி அழுதுக்கிட்டே ஆல்ட்டோ பாடுதாளா…

சார், மன்னிச்சிருங்க. நான் வேணும்னு செய்யல. உங்க நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, அது நான். நான்தான் சார் அது. உங்க நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க இன்னும் நாப்பது வருசம்… சார்? சார், ஏன் குலுங்குதிய? தண்ணி கொண்டு வரட்டா? அழுதியளா, சிரிக்கியளா? ஒண்ணும் புரியலயே… சிரிக்கிய! இம்புட்டுச் சத்தமாச் சிரிக்கிய! மெதுவா சார், நெஞ்சு… ஆங், நெஞ்சுக்கு ஒண்ணுமில்லல்லா. சிரிங்க சிரிங்க.

எங்க போறிய? பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்! சார், உங்க குடை! இன்னைக்கு வாங்கின ரீடுப் பொட்டலம்! … எதுத்த காப்பிக் கடைக்கா? அப்ப உங்க அண்ணன்கிட்ட என்னதான் சொல்லப் போறிய, அதைச் சொல்லிட்டுப் போங்க. கேட்டுச்சுன்னா, கேக்கலைன்னா? என் வாழ்க்கை சார் அது! …

இந்தா, போயி உக்காந்தாச்சு. காப்பி வந்துட்டு. ஒரே மடக்கு. ரெண்டாவது காப்பியா! தேவனே, வடையா அது… வடைய முழுசா வாயில போட்டுட்டு எதையோ சொல்லுதாக. என்ன சார்? கேக்கல! ஜட்கா வண்டி போகுது நடுவுல, கேக்கல! உங்க அண்ணன்கிட்ட என்ன? 'என் நெஞ்சுல அடிச்ச பேஸு'ன்னா? 'காதுக்குக் கேட்டதைவிடப் பெரிய சாட்சி'ன்னா? ஆமா… ஆமா சார்… அதுக்குப் பொறவு என்னமோ சொன்னியளே, கடைசியில… என்னைய என்னன்னு கூப்பிட்டிய? 

மாப்ளேன்னா?

மாப்ளேன்னா கூப்பிட்டிய! இன்னொரு தடவ சொல்லுங்க சார்! வடைய முழுங்கிட்டுச் சத்தமாச் சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்! இருங்க, இருங்க, எந்திரிக்காதிய, அங்கனயே இருங்க… நான் குழாயைக் கட்டிட்டு வந்திருதேன்!